கிணற்றுக் கல்லின் வயதைச் சொல்லும் கடல் ஓடுகள்

நான் பிறந்தது கித்துல்கலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில். களனி ஆற்றில் நாங்கள் ஏறி விளையாடிய பாறைகள் கரியவை, கடினமானவை. 1977 வன்செயலின் பின் குடும்பத்தோடு வன்னிக்கு வந்தோம். பிறகு யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டப் போனேன். அலவாங்கு பட்டு உடைந்த வெள்ளைக்கல்லில் சிப்பி அச்சுகள் இருந்தன. எங்கள் ஊர்ப் பாறையில் காணாத சிப்பி இங்கே எப்படி வந்தது?

கித்துல்கலைப் பாறை பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது. அதில் உயிர்ச்சுவடு தப்பாது. ஆகவே அத்தகைய பாறையிலுள்ள சிர்க்கன் மணிகளில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளக்கிறார்கள். மலைநாட்டுப் பாறைகள் உருமாறியது ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்.

யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லோ கடலடியில் படிந்தது. அதன் வயதை அறியப் பெரிதும் உதவுபவை போரமினிபெரா எனப்படும் ஒருகல உயிர்களின் ஓடுகள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றரிலும் சிறியவை. சில வெறும் கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு இனமும் ஒரு காலத்தில் தோன்றி, இன்னொரு காலத்தில் அழிந்தது. ஒரே கல்லில் சேர்ந்து கிடக்கும் இனங்கள் ஒன்றாக வாழ்ந்த காலமே அந்தக் கல் படிந்த காலம். தபெரினா மலபாரிகா என்ற இனம் யாழ்ப்பாணத்திலும் உண்டு, கேரளத்தின் கொல்லத்துச் சுண்ணாம்புக்கல்லிலும் உண்டு. இரண்டும் மயோசீன் காலத்தவை. அக்காலம் சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது.

எரிமலைப் பாறைக்கும் இந்த ஓடுகள் வயது சொல்லும். கொதிக்கும் குழம்பில் ஓடு இராது. ஆனால் இரண்டு குழம்புப் படைகளுக்கு நடுவே கடற்படிவு இருக்கலாம். ஆந்திராவின் ராஜமன்றியில் அப்படிப்பட்ட படிவை ஆராய்ந்த கெர்ட்டா கெல்லரின் குழு, டைனோசர்கள் அழிந்த உடனடுத்த காலத்துப் போரமினிபெராக்களை அதில் கண்டு 2008இல் வெளியிட்டது. அப்படியானால் கீழ்ப்படை அந்தக் காலத்துக்கு முந்தியது, மேல்படை பிந்தியது.

நான் உடைத்த வெள்ளைக்கல்தான் யாழ்ப்பாணத்தின் தண்ணீர்த் தொட்டியும். மழைநீர் அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கி, உவர்நீரின் மேல் மிதக்கிறது. போருக்குப் பின் வீடு கட்டக் கல்லும் வேண்டும், குடிக்க நல்ல தண்ணீரும் வேண்டும். கல் அகழ அனுமதி கேட்டு யாராவது ஊருக்கு வந்தால், கிணறுகளுக்கு என்ன ஆகும் என்று முதலில் கேளுங்கள். அகழ்ந்த சுண்ணாம்புக்கல் நம் காலத்தில் மறுபடி வளராது.