கம்ப்ரசர் வாங்குமுன் போரை அளந்து பாருங்கள்

ஆத்தங்குடி என்றதும் பூப்போட்ட தரைக்கற்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தப் பகுதி விவசாயிக்குக் கண்மாய்த் தண்ணீர்தான் உயிர். கண்மாய் வற்றினால் போர்தான் கதி.

ஊற்றுக் குறைந்த போர், மணல் தள்ளும் போர், சாய்வாக இறங்கிய போர் ஆகியவற்றுக்குக் கம்ப்ரசர் ஏற்றது. போருக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லை. தண்ணீர் தீர்ந்தாலும் மோட்டார் கருகாது. ஆனால் நீர்மூழ்கி மோட்டாரைவிட ஏறத்தாழ இரு மடங்கு மின்சாரம் பிடிக்கும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் காற்று மட்டுமே வரும்.

கடைக்குப் போனதும் “எத்தனை குதிரைத்திறன்?” என்று கேட்பது வழக்கம். காற்றுக் குழாய் தண்ணீருக்குள் எத்தனை அடி மூழ்கி நிற்கும் என்பதே முதல் கேள்வி. குமிழி கலந்த நீர் எடை குறைந்து மேலேறுகிறது. சுற்றியுள்ள நீரின் அழுத்தமே அதைத் தள்ளுகிறது. மூழ்கும் ஆழம் குறைந்தால் தள்ளும் பலமும் குறையும்.

போர் போட்ட அன்று சொன்ன ‘இரண்டு இஞ்சு தண்ணீர்’ கணக்குக்கு உதவாது. கயிற்றில் எடை கட்டி இறக்கி, ஓய்வில் உள்ள நீர்மட்டத்தையும், இறைக்கும்போது உள்ள மட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

உதாரணமாக, ஓய்வில் 100 அடியிலும் இறைக்கும்போது 150 அடியிலும் நீர் நிற்கிறது என்போம். காற்றுக் குழாயை 300 அடிக்கு இறக்கினால், இறைக்கும்போது பாதி மூழ்கியிருக்கும். இது நல்ல அளவு. 33 அடி நீருக்கு ஒரு கிலோ அழுத்தம் வீதம், தொடக்கத்தில் 200 அடி நீரைத் தள்ள 6 கிலோ வேண்டும். எனவே 7 கிலோ தரும் கம்ப்ரசர் தேவை. லிட்டர் நீருக்குச் சுமார் 5 லிட்டர் காற்று செலவாகும். மணிக்கு 5,000 லிட்டர் எடுக்க நிமிடத்துக்கு 420 லிட்டர் காற்று வேண்டும். 5 குதிரைத்திறன் போதும். மூழ்கும் பங்கு மூன்றில் ஒன்றுக்குக் கீழே போனால் காற்றுச் செலவு இரு மடங்காகும். அப்போது பெரிய மோட்டார் போடாதீர்கள். போரில் ஆழம் இருந்தால் குழாயை இன்னும் இறக்குங்கள். ஆழம் இல்லையேல் கம்ப்ரசரே வேண்டாம்.

காற்றுத் தொட்டியில் பாதுகாப்பு வால்வும் அழுத்தமானியும் கட்டாயம் வேண்டும். வால்வை ஒருபோதும் கட்டி வைக்காதீர்கள். தொட்டி வெடித்தால் உயிருக்கே ஆபத்து. தொட்டியில் தேங்கும் நீரைத் தினமும் திறந்துவிடுங்கள். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவு பாருங்கள். காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்து, எண்ணெய் அளவைக் கவனியுங்கள். எண்ணெய் தண்ணீரில் கலக்கக்கூடும் என்பதால் அதைக் குடிக்கப் பயன்படுத்த வேண்டாம்.

ஒரு நாள் கயிறு பிடித்து அளந்தால், பல வருட மின்சாரம் மிஞ்சும்.