லயத்துக்குள் ஒரு நூல்

மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் "நீ எந்த லயத்துப் பிள்ளை?" என்று கேட்பார்கள். பதிலில் குடும்பமே தெரிந்துவிடும். இந்த லயம் இசையில் வரும் லயமன்று. ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்துக் கட்டிய தொழிலாளர் வீடுகளை வெள்ளைக்காரர்கள் 'லைன்ஸ்' என்றார்கள். அது நம் நாவில் லயமானது. விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டும் 'பரேட்'தான். இரண்டுமே பட்டாளத்தில் புழங்கிய சொற்கள்.

லைனின் வேர் ஒரு செடி. ஆளிச்செடிக்கு லத்தீனில் லீனும் என்று பெயர். அதன் நாரில் திரித்த நூல் லீனியா. நூலை இழுத்துக் கட்டினால் நேராக நிற்கும். அதனால் நூல் கோடாயிற்று, கோடு வரிசையாயிற்று. லினன் துணியும், சட்டையின் உள்ளே தைக்கும் லைனிங்கும், தரையில் விரிக்கும் லினோலியமும் அந்தச் செடியின் வழி வந்தவையே. நம் கொத்தனாரும் நூல் பிடித்துத்தான் சுவர் எழுப்புகிறார். ஆனால் தமிழில் நூல் புத்தகமாகவும் வளர்ந்தது. எனக்கு அதில் தனிப் பெருமை உண்டு.

சிலிம் ரிவரில் இந்தச் சொல்லுக்குப் பல முகங்கள். ரயில் பாதையும் லைன், போர்முனையும் லைன். 1942 ஜனவரி 7 விடியுமுன், துரோலாக்கிலிருந்து சாலையோடு வந்த ஜப்பானிய டாங்கிகள் 11ஆவது இந்தியப் படைப்பிரிவின் லைனைச் சில மணி நேரத்தில் உடைத்தன. பிறகு ஜப்பானியர் மலாயாத் தோட்ட லயங்களிலிருந்து தமிழர்களை அள்ளிக்கொண்டுபோய், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் லைன் போட வைத்தார்கள். போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. ஒரே சொல் அவர்கள் வீட்டுக்கும் பெயர், சாவுக்கும் பெயர்.

தமிழில் இதற்கெல்லாம் ஒரே சொல் கிடையாது. எழுத்தில் வருவது வரி, புலியின் மேல் இருப்பதும் வரி, அரசுக்குக் கட்டுவதும் வரி. ஆட்கள் நின்றால் வரிசை. கல்யாணத்தில் அதுவே சீர். ரப்பர் மரங்கள் நின்றால் நிரை. கோடுதான் விசித்திரம்: கோடுதல் என்றால் வளைதல். பழந்தமிழில் மரக்கிளையும் கோடு, யானைத் தந்தமும் கோடு.

ரப்பர் என்னும் பால்மரத்தில் உளி இழுப்பதும் கோடுதான். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர்குத்தாக இல்லாமல் சற்றுச் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் மரத்தைப் பாதி சுற்றி இறங்கும். அப்போதுதான் குழாய்கள் நிறைய அறுபட்டு, பால் வழிந்து பீலி வழியாக மங்குக் கிண்ணத்தில் சேரும். அந்த வெட்டுக்கு லைனைவிடக் கோடே பொருத்தமான பெயர்.