ஒரே சில்லா, ஒட்டிய சில்லுகளா?

கூலாய் தரவு மையங்களைப் பற்றிப் படித்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எல்லாவற்றையும் ஒரே சில்லில் அடக்குவதுதானே முன்னேற்றம்? பிறகு ஏன் பல சில்லுகளை ஒரே உறைக்குள் வைக்கிறார்கள்?"

ஒரே சில்லுக்கு லாபம் உண்டு. தகவல் ஓடும் தூரம் குறைவு, மின்சாரமும் மிச்சம். ஆனால் சில்லு பெரிதாகப் பெரிதாகக் குறைகள்தான் எமன். எங்கள் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தரம் பிரிப்பார்கள். அழுக்குப் புள்ளி தெரிந்தால் அந்த ஷீட் முழுதும் தரம் இறங்கும். பக்கத்து ஷீட்டுக்கு ஒன்றும் ஆகாது. சில்லுகளை வெட்டியெடுக்கும் சிலிக்கான் தட்டிலும் இதே நியாயம்தான். பத்து இடங்களில் குறை விழுந்த தட்டில் 50 பெரிய சில்லுகள் இருந்தால் 10 போகும். 200 சிறியவை இருந்தாலும் போவது அதே 10தான்.

2017இல் ஏஎம்டி தன் எபிக் செயலியை 213 சதுர மில்லிமீட்டர் சில்லுகள் நான்கைச் சேர்த்துச் செய்தது. மொத்தம் 852. ஒரே சில்லாக இருந்தால் 777 போதும். பரப்பு கூடியும் செலவு ஒரே சில்லுக்கு ஆவதில் 59 விழுக்காடுதான் என்று அந்நிறுவனமே கணக்குக் காட்டியது. கூலாயில் நிறுவப்போவதாக ஒய்டிஎல் 2024இல் அறிவித்த என்விடியா பிளாக்வெல்லும் இரண்டு பெரிய சில்லுகளின் இணைப்பே.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது 1995இல் வந்த பென்டியம் புரோ. ஒரே பீங்கான் உறைக்குள் செயலி ஒன்று, பக்கத்திலேயே நினைவகச் சில்லு ஒன்று. இரண்டையும் உறைக்குள் இணைத்த பிறகே நினைவகத்தை முழுமையாகச் சோதிக்க முடிந்தது. அதில் பழுது தெரிந்தால், நல்ல செயலியும் சேர்ந்தே குப்பைக்குப் போனது! ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு சில்லும் நல்லதா என்று அறிவதில்தான் இந்த முறையின் உயிரே இருக்கிறது.

வெட்டுவது, இணைப்பது, உறையிடுவது, சோதிப்பது: இவற்றைத்தான் மூவாரில் எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் ஆலை 1974 முதல் செய்துவருகிறது. 2021 ஆகஸ்டில் கொரோனாவால் அந்த ஆலையின் சில பிரிவுகள் மூடப்பட்டபோது, கார்களுக்கான சில்லுகள் வரவில்லை என்று போஷ் நிறுவனத்தின் சீனப் பிரிவு வெளிப்படையாகவே சொன்னது. நம் வீடுகளிலோ இதை இன்னமும் வெறும் 'ஃபேக்டரி வேலை' என்று ஒதுக்குகிறோம். தலைமுறை தலைமுறையாக அங்கே உழைப்பவர்களின் கைத்திறனை நாமே மதிக்காதது எனக்கு வேதனை.

எஸ்பிஎம் முடித்த பிள்ளை மின்னணுப் பொறியியல் கேட்டால் தயங்காதீர்கள். ஸ்கூடாயிலும் பாரிட் ராஜாவிலும் அதற்கான பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒருமுறை நேரில் அழைத்துப்போய்க் காட்டுங்கள்.