சாய்கோடு ஏன் இரண்டு பக்கமும் சாய்கிறது?

கணினியில் ஒரு கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் முகவரிதான் பாதை. லினக்ஸில் அது ‘/ஹோம்/மலர்/படங்கள்’ என்று இருக்கும். விண்டோஸில் ‘சி:\யூசர்ஸ்\மலர்\படங்கள்’ என்று இருக்கும். ஒன்றில் கோடு முன்பக்கம் சாய்கிறது, மற்றதில் பின்பக்கம். இந்தச் சின்ன வேறுபாடு நிரலாளர்களை நாற்பது ஆண்டுகளாகப் படுத்தி வருகிறது.

லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய அந்த அமைப்பில் எல்லாக் கோப்புகளும் ஒரே மரத்தின் கிளைகள். வேர் ‘/’. எத்தனை வட்டுகளை இணைத்தாலும் அவையும் அந்த மரத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

விண்டோஸுக்கு முன்னோடியாக 1981இல் வந்த எம்எஸ்-டாஸில் கோப்புறைகளே கிடையாது. ஏ, பி என்று டிரைவுகள் மட்டும் இருந்தன. ‘/’ குறிக்கு அங்கே வேறு வேலை: கட்டளையின் பின்னால் விருப்பங்களைக் குறிப்பது. ‘டிர் /பி’ என்று தட்டினால் பட்டியல் திரைதிரையாக நின்று நின்று வரும். 1983இல் டாஸ் 2.0 கோப்புறைகளைக் கொண்டுவந்தபோது ‘/’ ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டதால், பாதைக்கு ‘\’ வந்து சேர்ந்தது. விண்டோஸ் அதையே சுவீகரித்துக்கொண்டது.

சிக்கல் என்னவென்றால், கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் யூனிக்ஸ் ஷெல்லில் ‘\’ குறிக்கும் வேறு வேலை உண்டு. அடுத்த எழுத்தின் தனிப்பொருளை நீக்குவது அது. ஆகவே விண்டோஸ் பாதையை மேற்கோள்குறி இல்லாமல் அங்கே ஒட்டினால் கோடுகளெல்லாம் மறைந்து, ‘சி:யூசர்ஸ்மலர்படங்கள்’ என்று ஒரே சொல்லாகிவிடும்.

விண்டோஸுக்குள் யூனிக்ஸ் கருவிகளை ஓட்டும் மென்பொருள்கள் இதற்குப் பாலம் போடுகின்றன. சி டிரைவைச் சிக்வின் ‘/சிக்டிரைவ்/சி’ என்கிறது. கிட் பேஷ் ‘/சி’ என்கிறது. 2016இல் வந்த விண்டோஸின் லினக்ஸ் துணையமைப்பு ‘/எம்என்டி/சி’ என்கிறது. ஒரு வகைப் பாதையை மற்றதாக மாற்றித்தர சிக்பாத், டபிள்யூஎஸ்எல்பாத் என்ற கருவிகள் இருக்கின்றன.

கிட் பேஷ் ஒரு படி மேலே போய், விண்டோஸ் நிரலைக் கூப்பிடும்போது பாதைகளைத் தானாகவே மாற்றி அனுப்பும். அங்கேதான் வம்பு. கட்டளையின் விருப்பமாக எழுதிய ‘/சி’யைப் பாதை என்று நினைத்து, அதை சி டிரைவாக்கிவிடும். அதைத் தடுக்க ‘//சி’ என்று இரட்டைக் கோடு போட வேண்டும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு வேறுபாடும் உண்டு. மேக்கின் பழைய கோப்பு முறைமை ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியை ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்துச் சேமித்தது. லினக்ஸோ தட்டச்சானபடியே வைத்துக்கொள்ளும். அதனால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ‘பொங்கல்’ கோப்புகள் இரண்டு, லினக்ஸுக்கு வேறு வேறு கோப்புகளாக இருக்கலாம்.

நிரல் எழுதுவோர் பாதைத் துண்டுகளைக் கையால் கோடு போட்டு ஒட்ட வேண்டாம். பைத்தானில் 3.4 பதிப்பிலிருந்து இருக்கும் பாத்லிப் போன்ற நூலகத்திடம் அதை விட்டுவிடுங்கள். ஷெல்லில் பாதையை எப்போதும் மேற்கோள்குறிக்குள் எழுதுங்கள். மாற்றம் தேவைப்பட்டால் மாற்றும் கருவியை நீங்களே கூப்பிடுங்கள். கணினி ஊகிக்கட்டும் என்று விடாதீர்கள்.