அகத்தியமலையின் அடிவாரம்

அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு, நெய்யாற்றின்கரை வழியாக 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாறில் அரபிக்கடலில் சேர்கிறது. அது புறப்படும் மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் சேர்ந்து உலகின் 36 பல்லுயிர்ச் செறிவிடங்களில் ஒன்றாக எண்ணப்படுகின்றன. செறிவிடம் என்ற கருத்தை 1988இல் முன்வைத்தவர் பிரிட்டிஷ் சூழலியலாளர் நார்மன் மையர்ஸ். ஓரிடம் தகுதி பெற, வேறெங்கும் இயற்கையாக வளராத தாவர வகைகள் அங்கே குறைந்தது 1,500 இருக்க வேண்டும். இயற்கைத் தாவரப் பரப்பில் 70 விழுக்காடாவது அழிந்திருக்க வேண்டும். செழிப்பும் சேதமும் சேர்ந்தால்தான் ஓரிடம் இப்பட்டியலில் ஏறும்.

1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம் என்ற இம்மலைச் சிகரத்தைச் சட்டம் ஓரளவு காக்கிறது. நெய்யாறு சரணாலயம் 1958இல் வந்தது. கேரளமும் தமிழ்நாடும் பகிரும் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001இல் அறிவிக்கப்பட்டு, 2016இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்ந்தது. இம்மலையின் காணி மக்கள் களைப்புத் தெரியாமல் நடக்க மென்ற ஆரோக்கியப்பச்சைச் செடியின் காயை, 1987இல் உடன் சென்ற ஆய்வாளர்கள் கவனித்தனர். பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனம் அச்செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, வருவாயில் பாதியைக் காணிகளுக்குத் தர முன்வந்தது. ஆனால் சந்தை பிறந்ததும் காட்டுச் செடியைப் பிடுங்கும் கைகளும் பெருகின. மருந்தைக் கண்டுபிடிப்பதைவிட அதன் தாய்ச்செடியைக் காப்பதே கடினம்.

மலை இறங்கினால் காவல் மெலிகிறது. எல்லையோரப் பாறசாலை வரையுள்ள இடைநாட்டில் ஏலாக்கள் எனும் நெல்வயல்களும் காவுகள் எனும் கோயில் தோப்புகளும் சிறு குன்றுகளும் முன்பு கலந்து கிடந்தன. குன்றுச் சரிவுகளை ரப்பர் பிடித்தது. நூற்றுக்கணக்கான மரவகை நின்ற இடத்தில் ஒரே மரம் நின்றால், பச்சை குறையாது. பறவையும் பூச்சியும் குறையும். அடிவார ஊரான அம்பூரியில் 2001 நவம்பரில் ஏறக்குறைய 40 பேரைப் பலிகொண்ட நிலச்சரிவுக்குப் பெருமழையோடு, ரப்பருக்காகச் சரிவைத் திருத்தியதும் காரணம் என்று ஆய்வாளர்கள் கூறினர். வயலை மண்போட்டு நிரப்புவதைக் கேரளத்தின் 2008 நெல்வயல் சட்டம் தடுக்கிறது. அது வருவதற்குள் ஏராளமான வயல்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. மணல் வாரியதால் ஆற்றுப்படுகையும் தாழ்ந்தது.

எல்லைக்கு அப்பால் குமரி மாவட்டத்திலும் இதே மலை, இதே பாறை. கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகப் பணி 2015இல் தொடங்கியபின், குமரிக் கல்குவாரிகளின் பாறையை ஏற்றிய டாரஸ் லாரிகள் களியக்காவிளை வழியே பாறசாலைக்குள் நுழைந்தன. ஒரு மாநிலம் குவாரியைக் கட்டுப்படுத்தினால், கல்லுக்கான தேவை அடுத்த மாநிலத்தின் குன்றைத் தேடிப் போகிறது. காப்பகத்தை இரு மாநிலங்களும் பகிர்கின்றன. அடிவாரக் குன்றுகளுக்கு அப்படியொரு பொது ஏற்பாடு இல்லை.