கோல் காப்பாளரின் ஜேர்சியை யார் வாங்குவார்?

நோர்வூட் கடைத்தெருவில் விளையாட்டுப் பொருள் விற்கும் கடையொன்று. தோட்டத்துப் பையன் ஒருவன் வந்து, "நானா, மார்ட்டினஸின் பச்சை ஜேர்சி இருக்கா?" என்று கேட்கிறான் என வைத்துக்கொள்வோம். "மெஸ்ஸியுடையதுதான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவதே எம்மில் பலரின் வழக்கம். அந்த இடத்தில்தான் வியாபாரம் கைநழுவுகிறது.

ஆர்ஜென்டீனாவின் எமிலியானோ மார்ட்டினஸ் 2010இல் ஆர்சனல் கழகத்தில் சேர்ந்தார். அடுத்த பத்து ஆண்டுகளில் அவரை ஆறு கழகங்களுக்கு இரவல் கொடுத்தார்கள். விற்காத சரக்கைக் கிளைக்குக் கிளை மாற்றுவதுபோலத்தான் இதுவும். 2022 டிசம்பர் 18ஆம் திகதி உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் நிலைமை மாறியது. 123ஆவது நிமிடத்தில் பிரான்ஸின் கொலோ முவானி அடித்த பந்தை இடது காலால் தடுத்தார். பின்னர் பெனால்டி ஒன்றையும் தடுத்தார். கிண்ணம் ஆர்ஜென்டீனாவுக்கு, தங்கக் கையுறை விருது அவருக்கு. 2023 ஜூலையில் அவர் டாக்காவுக்கும் கொல்கத்தாவுக்கும் வந்தபோது கொல்கத்தா ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். கோல் போடும் வீரருக்கு மட்டுமே மவுசு என்ற எண்ணம் பொய்யானது.

பெரிய கம்பனிகளும் இதில் தவறியதுண்டு. 2023 மகளிர் உலகக் கிண்ணத்தின்போது இங்கிலாந்துக் கோல் காப்பாளர் மேரி ஏர்ப்ஸின் ஜேர்சியை நைக்கி நிறுவனம் விற்பனைக்கு விடவில்லை. ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டுக் கேட்டனர். பிறகு விற்பனைக்கு வந்தவை விரைவில் தீர்ந்தன. வாங்க ஆள் இருந்தது. கடையில்தான் பொருள் இருக்கவில்லை.

அதற்காகப் புறக்கோட்டைக்கு ஓடி மூட்டை மூட்டையாகக் கொள்முதல் செய்யச் சொல்லவில்லை. அணி தோற்ற மறுநாளே அந்த ஜேர்சியின் கிராக்கி விழுந்துவிடும். தேங்கிய சரக்கில் முடங்குவது உங்கள் முதல்தான்.

செய்ய வேண்டியது சிறிய காரியம். கடையில் ஒரு கொப்பி வையுங்கள். வாடிக்கையாளர் கேட்டு, இல்லையென்று திருப்பி அனுப்பிய பொருளை அதில் எழுதுங்கள். ஒரே பொருளை நாலைந்து பேர் கேட்டால், சிறு முற்பணம் வாங்கிக்கொண்டு அத்தனை எண்ணிக்கைக்கு மாத்திரம் ஓடர் கொடுங்கள். தோட்டச் சம்பள நாளுக்கு முன் சரக்கு வந்து சேரட்டும். கடன் கொப்பி நீளாது.

ஊரின் தன்மையையும் பாருங்கள். கோல் காப்பாளர் ஜேர்சிகளில் முழுக்கை வைத்தவை உண்டு. மலையகக் குளிருக்கு அதுவே ஒரு விற்பனைக் காரணம். கையுறையோ எந்த அணி தோற்றாலும் தேவைப்படும் பொருள். பாவிக்கப் பாவிக்க அது தேய்வதால் வாங்கியவரே மீண்டும் வருவார்.

ஒன்றை மறக்க வேண்டாம். நகலை நகலென்றே சொல்லி விற்போம். பையன் ஜேர்சி வாங்குவது ஒருமுறை. நம்பிக்கை இருந்தால் அவன் வீட்டார் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் உங்கள் கடைக்குத்தான் வருவார்கள்.