பீ-டென்: காவலும் தடையும்

யாழ்ப்பாணத்தார் பாரிசவாதம் என்று சொல்லும் நோயில், மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்ட சில நிமிடங்களுக்குள்ளேயே நரம்புக் கலங்கள் மடியத் தொடங்குவதால், நேற்றுவரை சோறு குழைத்த கை இன்று விரல் மடக்கவும் இயலாமல் கிடக்கிறது. அக்கலங்கள் பிழைப்பதிலும் மடிவதிலும் பங்குகொள்வனவற்றுள் ஒன்று, 1997இல் கண்டறியப்பட்ட பீ-டென் என்னும் நொதியம், அதாவது கலத்தினுள் இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதம்.

கல மென்சவ்விலுள்ள ஒருவகைக் கொழுப்பு மூலக்கூறின் மூன்றாம் இடத்தில் பொஸ்பேற்று ஏறும்போது, கலம் பிழைக்கவும் வளரவும் பெருகவும் தூண்டும் சமிக்ஞை உள்ளே செல்கிறது; பீ-டென் அந்த ஒரு பொஸ்பேற்றைக் கழற்றி அச்சமிக்ஞையை அடக்குகிறது. பத்தாம் நிறமூர்த்தத்திலுள்ள இதன் பரம்பரையலகு பழுதுற்றால் அடக்குவார் இல்லாமற் போவதால், கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைக்கட்டிகள் பலவற்றிலும், தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் பெண்கள் சிகிச்சை பெறும் மார்பு, கருப்பைப் புற்றுநோய்கள் சிலவற்றிலும் இந்த இழப்பு காணப்படுகிறது.

ஆனால் காயமுற்ற நரம்புக்கு இதே காவல் தடையாகிறது. 2008இல் எலிகளின் விழித்திரைக் கலங்களிலிருந்து இப்பரம்பரையலகை நீக்கியபோது நசுங்கிய பார்வை நரம்பிழைகள் மீண்டும் வளர்ந்தன. 2010இல் முண்ணாணிலும் அவ்வாறே நிகழ்ந்தது. போரில் முண்ணாண் சிதைந்து சக்கர நாற்காலியில் வாழ்வோர் உள்ள வட மாகாணத்துக்கு இது வெறும் ஆய்வுகூடச் செய்தியன்று. பீ-டெனை நிலையாக நீக்குவது புற்றுக்கு வழிதிறக்கும் என்பதால், காயத்தின் பின் குறுகிய காலத்துக்கு மட்டும் அதை அடக்கும் மருந்துகள் விலங்குகளில் ஆராயப்பட்டு வருகின்றன.